இரவல் கூந்தல்

புர்சா,
மார்ச் 1999, ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க நெர்மின் அக்காவுக்கு,

தம்பி வெதாத் எழுதுவது. இங்கே நானும் மெலாஹத்தும் நலமாக இருக்கிறோம். உலுதாக் மலையில் இன்னும் பனி கரையவில்லை. கடைக்குள் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அத்தானின் முழங்கால் வலி குறைந்ததா? உங்கள் ஊர் கொலோனுக்குத் திரும்பும் நண்பர் ஒருவரிடம் சர்க்கரைப்பாகில் ஊறிய கஷ்கொட்டை ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். அத்தானுக்குச் சர்க்கரை இருப்பதால் நீயே சாப்பிட்டுவிடு.

உன் கடிதம் வந்தது. பெர்ரின் விஷயத்தில் உன் கோபம் எனக்குப் புரிகிறது. "பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறவன் வீட்டில் முக்காடா? நீ ஒரு அப்பனா? பிடித்து இழுத்துக் கழற்று" என்று எழுதியிருந்தாய். அக்கா, அந்த முக்காடு எனக்கும் பிடிக்கவில்லை. அவளிடமே சொன்னேன். அதற்கு அவள், "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்கப்பா, கேட்டுக்கறேன். கழட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள். நான் கழற்றச் சொல்லவில்லை.

இலையுதிர்காலத்தில், முக்காட்டோடு படிக்க வரக்கூடாது என்ற சட்டத்தைச் சொல்லிப் பல்கலைக்கழக வாசலிலேயே அவளைத் தடுத்துவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதன்பின் கால்நடை மருத்துவப் புத்தகங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள். மெலாஹத் அவளுக்குப் பிடித்த பருப்புச் சூப்பை வைத்துக் கொடுத்தாலும் ஆறிப்போகும். இந்தச் சமயம் பார்த்து மெலாஹத்தின் தம்பி, என் மைத்துனன் ஹம்தி வந்தான். படித்தது போதும், நல்ல இடத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான் என்றான். பெர்ரின் அவனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "கேட்ல நிக்கிறவரு படிக்கணும்னா கழட்டுங்கறாரு. நீங்க, கழட்டக் கூடாது, அதனால படிக்காதேங்கறீங்க. ரெண்டு பேருக்கும் என் தலைமேல அப்படி என்ன மாமா பாசம்?" ஹம்தி தேநீரைத் தொடாமல் எழுந்து போனான். மெலாஹத் சுட்ட சீஸ் ரொட்டி இரண்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

மறுநாளே பெர்ரின் சந்தைக்குப் போய்த் தலை முழுவதையும் மூடுகிற சவுரி ஒன்று வாங்கி வந்தாள். முக்காட்டுக்குப் பதிலாக, சொந்த முடி வெளியே தெரியாதபடி அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கல்லூரிக்குப் போவதாக ஏற்பாடு. அவளைப் போல நிறையப் பெண்கள் செய்கிறார்களாம். அக்கா, அந்தச் சவுரியை நீ பார்த்திருக்க வேண்டும்! ஆட்டுக்குட்டி ஒன்று தலையில் ஏறிப் படுத்தது மாதிரி இருந்தது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். வெதாத் மகள் இந்தக் கோலத்தில் ஊரைச் சுற்றினால் என் கடைப்படியை யார் மிதிப்பார்கள்? இஸ்தான்புல்லில் தெரிந்தவரிடம் சொல்லி அசல் முடியில் ஒன்று வரவழைத்தேன். கடை விடுமுறையன்று அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்துக்கு ஏற்றபடி வெட்டி, நெற்றியில் கொஞ்சம் புரளவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அப்பா, என் சொந்த முடியைவிட இது அழகா இருக்கே. இப்ப இதுக்கு மேல ஒரு முக்காடு போட்டாத்தான் சரிவரும்!" என்றாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது.

வாசலில் காவலுக்கு நிற்கும் பெண்மணி அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நிஜ முடியா?" என்று கேட்டாராம். "நிஜ முடிதான். யாரோடதுன்னு நீங்க கேக்கலையே" என்றாளாம் இவள். அந்த அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சட்டத்தில் சவுரியைப் பற்றி ஒன்றும் இல்லை, போ என்று உள்ளே விட்டுவிட்டார். சனிக்கிழமை அவரே கடைக்கு வந்து, "உங்க பொண்ணுக்கு வெட்டின மாதிரியே எனக்கும் வெட்டுங்க" என்று உட்கார்ந்தார்!

போன வாரம் நடந்ததுதான் பெரிய கூத்து. கல்லூரிப் பண்ணையில் ஒரு பசுவுக்குப் பிரசவம். கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டன. பெர்ரின்தான் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தொழுவத்துப் பசு கழுத்தை நீட்டி, சவுரியைக் கவ்வி, வைக்கோல் என்று நினைத்து மெல்ல ஆரம்பித்துவிட்டது. உள்ளே போட்டிருந்த வெள்ளைத் துணித்தொப்பியோடு இவள் நிற்கிறாள். எதிரில் நின்றவர் பேராசிரியர் ரிஃப்கி. முக்காட்டோடு வந்த இரண்டு பெண்களைத் தேர்வு அறையிலிருந்து எழுப்பி அனுப்பியவர் அவர்தான். படிப்பு இத்தோடு முடிந்தது என்றே இவள் நினைத்தாளாம். ஆனால் கயிற்றை விட்டால் கன்று செத்துவிடும். விடவில்லை. ரிஃப்கியும் அவள் தலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "கயித்த விட்றாதே! இழு, இன்னும் இழு!" என்று கத்தினார்.

கிடாரிக் கன்று. உயிரோடு விழுந்தது.

அதன் பிறகு அவரே பசுவின் வாயிலிருந்து சவுரியைப் பிடுங்கி, குழாயில் அலசி, பெர்ரினிடம் நீட்டினாராம். மற்ற மாணவர்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு இங்க ஒரு கன்னுக்குட்டி பொறந்தது. வேற ஒண்ணும் நடக்கல. புரியுதா?" என்றாராம். மறுநாள் வகுப்பில் பழையபடி விறைப்பாகத்தான் இருந்தார். ஜூனில் தேர்வு. அன்றைக்கு அவருக்கு என்ன தோன்றுமோ தெரியாது. மெலாஹத் தினமும் வேண்டிக்கொள்கிறாள்.

பசு தின்றது போக மிஞ்சியதைச் சீர்செய்து குட்டையாக வெட்டிக் கொடுத்திருக்கிறேன். முடியை யார் இவ்வளவு கட்டையாக வெட்டினார்கள் என்று தோழிகள் கேட்டால், "பாதி எங்கப்பா, பாதி ஒரு மாடு" என்கிறாளாம்.

இன்னொன்று, அக்கா. ஞாயிறுதோறும் நீ தொலைபேசியில் பேசிவிட்டு வைத்ததும் பெர்ரின் என் பக்கத்தில் வந்து நிற்பாள். "அத்தை என்னைக் கேட்டாங்களா?" என்பாள். "கேட்டாங்க, உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாங்க" என்று ஆறு மாதமாகச் சொல்லி வருகிறேன். அவள் நம்புகிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். முக்காட்டைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அடுத்த ஞாயிறு மட்டும், அக்கா, அவளைக் கூப்பிடச் சொல்லி ஒரு வார்த்தை கேள்.

உன் கைகளை முத்தமிடும் தம்பி,
வெதாத்