கட்டம் கட்டமாக உன் முகம்

தெமோதரை, மேல் டிவிசன்
தவக்காலம், இரண்டாம் வாரம்

அன்புள்ள புஷ்பத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மகளும் சுகம். குவைத்தில் உனக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க அந்தோனியாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசுகிறவன் எதற்குக் கடதாசியைப் பிடித்தான் என்று யோசிப்பாய். போனில் என்றால் நான் வேறு எதையாவது பேசிவிடுவேன். பதுளை டவுன் நளீரா திங்கட்கிழமை அங்கே வேலைக்கு வருகிறாள். அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே மழை பிந்திவிட்டது, தேயிலைக் கொழுந்து குறைவு. குசினிக் கூரைக்குத் தகரம் மாற்றியாகிவிட்டது. என் முட்டி வலி பழையபடிதான்.

போன சனிக்கிழமை நம் ஜெசீகாவின் கச்சேரி பதுளையில் நடந்தது. கச்சேரி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பாட்டுப் பாட ஆள் கிடையாது. டவுனில் அவளோடு இசை படிக்கிற பிள்ளைகள் வயலின், செலோ, கிளாரினெட், நம் தப்பு மேளம் எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவள் கையில் புல்லாங்குழல். எல்லாருக்கும் எழுதிக் கொடுத்ததும் இவள்தான். ஒரு படத்தைப் பார்த்து எழுதிய இசை என்று மட்டும் சொல்லியிருந்தாள். எல்ல ஊர்ப் பக்கத்து ரயில் பாலமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

திரையில் போட்டது உன் முகம், புஷ்பம். போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது சிக்னல் போய் நீ அப்படியே நின்றுவிடுவாயே, அந்த முகம். வாய் பாதி திறந்தபடி, நெற்றியும் ஒரு கன்னமும் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. எப்போது பிடித்து வைத்தாளோ. முதலில் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. வயலின் ஒரு துண்டு வாசித்து நின்றுவிடும். கிளாரினெட் இன்னொரு துண்டு. உடைந்த பீங்கானைப் பொறுக்கி ஒட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது பார், நீ தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று சிரிப்பதேதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சட்டென்று எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். தூக்கிய வில் தூக்கியபடி. மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. திரையில் நீ. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். “அலோ, புஷ்பம்! கேக்குதா?” என்று நான் உரக்கக் கேட்டுவிட்டேன்.

சபை முழுக்கச் சிரித்தது. யாரோ கைதட்ட, முடிந்துவிட்டதென்று எல்லாரும் தட்டினார்கள். முடியவில்லையாம். அந்த அமைதிக்குப் பிறகு ஜெசீகா தனியாக வாசிக்க வேண்டுமாம். உதடு வரைக்கும் கொண்டுபோன குழலை அவள் மடியில் வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் வந்தோம். இறங்கி மேட்டில் ஏறும்போதுதான், “நின்னுபோன படத்துக்கிட்டயாவது நான் பேசலாம்னு இருந்தேன். அங்கயும் நீங்களே பேசிட்டீங்கப்பா” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லப்பா” என்றாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏழு வருஷமாக வெள்ளிக்கிழமை மட்டும்தான் நீ வேலை செய்கிற அந்த வீட்டில் உன் கையில் போனைத் தருகிறார்கள். அந்த நேரத்தையும் நானே தின்றுவிடுகிறேன். தோட்டத்துத் துரை ஏசியது, பக்கத்துக் காம்பரா வீட்டுச் சண்டை, முட்டி வலி. பிள்ளை பக்கத்திலேயே நிற்பாள். அவள் கைக்குப் போன் போகும்போது படம் நின்றுவிடும். உன்னை அந்தக் கட்டங்களாகத்தான் அவளுக்குத் தெரியும்.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை செய்யக் கையெழுத்துப் போடலாமா என்று நீ கேட்டபோது, சரி என்று சொன்னதும் நான்தான். அவள் படிப்புக்காக என்றாய். படிக்கிறவளிடம் நாம் இருவருமே கேட்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை நீ எடுக்கும்போது நான் சிலுவைப்பாதைக்குப் போயிருப்பேன். போன் அவளிடம் இருக்கும். கையெழுத்தைப் பற்றி அவளிடமே கேள். லேசில் வாய் திறக்க மாட்டாள், நீ பொறுத்திரு. படம் நின்றாலும் வைத்துவிடாதே, புஷ்பம். இந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டிருப்பாள்.

அந்தோனியார் உன் கூடவே வரட்டும்.

உன் அன்புக் கணவன்,
சிங்கராயர்