மூக்கில் நிற்காத கண்ணாடி

மார்ச் 4

அன்புள்ள சப்பை அக்காவுக்கு,

சௌக்கியமா? கழுத்துவலி எப்படி இருக்கிறது? மாமாவை விசாரித்ததாகச் சொல்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் கண்ணாடி ஃப்ரேம்கள் நழுவுகின்றன என்று கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வருகின்றன. ஆபீசில் ஒரு பிளாஸ்டர் தலை உண்டு. எந்த ஃப்ரேமையும் அதற்கு மாட்டிப் பார்த்துத்தான் சரி என்று முடிவு செய்வோம். அதற்குக் கிளி மூக்கு. அதைச் செய்த காலத்தில் இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் இருந்ததாம். இப்போது பஸ்ஸில் ஏறினால் ஐந்தாறு நாட்டு முகங்கள். ஊர் மாறிவிட்டது, தலையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் பத்துக்குள் புதுத் தலை செய்யாவிட்டால் அடுத்த வருட ஃப்ரேமும் பழையபடியே போய்விடும். சட்டென்று உன் சப்பை மூக்குதான் ஞாபகம் வந்தது. ஒரு நாள் வந்து அச்சுக்கு முகம் கொடுத்துவிட்டுப் போயேன்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

கழுத்துவலிக்குக் காரணமே நீ அனுப்பிய கண்ணாடிதான். தையல் மிஷின் முன் குனிந்தால் மூக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. அதனால் தலையைத் தூக்கிக்கொண்டு கண்ணை மட்டும் தாழ்த்தித் தைக்கிறேன். பட்டறையில் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் கண்ணாடி போடுகிறோம். எட்டுப் பேர் பேண்ட் இடுப்புக்குப் போடும் எலாஸ்டிக்கால் பின்மண்டையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தம்பி செய்தது, கோளாறு என் மூக்கில்தான் என்று இத்தனை நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

முகம் தர மாட்டேன். உன் ஏழு வயதில் நீ வைத்த பெயர் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. எந்தப் போட்டோவை வேண்டுமானாலும் எடுத்துப் பார், என் கை மூக்கின்மேல்தான் இருக்கும். கல்யாணப் போட்டோவிலும் அப்படித்தான். இனி அந்தப் பெயரைப் போட்டு எழுதினால் பதிலை எதிர்பார்க்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு என் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அதன் உள்பக்கம் இரண்டு ரப்பர் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. நம் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு என்று அம்மா சொல்வாளே. ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஃப்ரேமையும் அந்தத் தலைக்கு மாட்டி, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவன் நான். என்னுடையதற்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ரப்பர் ஒட்டினேன்.

அந்தப் பெயரை உனக்கு ஏன் வைத்தேன் தெரியுமா? பையன்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தால் என்னைப் பார்க்க மாட்டார்கள். வெட்கமாக இருக்கிறது அக்கா. மன்னித்துவிடு.

நேற்று நானே படுத்து அச்சு கொடுத்தேன். புதுத் தலையை மேனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்தான் என்று சொல்லி ரப்பரையும் காட்டினேன். "ஒன்பது வருஷமா இதை ஏன்பா சொல்லல?" என்று கேட்டார்.

நீ முகம் தர வேண்டாம். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. முப்பத்தைந்து வருடமாக உன் மூக்கையும் சேர்த்து நானே மறைத்திருக்கிறேன். மாமாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை.

ஆனால் அந்தத் தலையைத் தூக்கிவிட்டு உன் தலையை வைத்தால் ஆயிற்றா? ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை வெட்டுகிறவனை எங்கள் பட்டறையில் ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டோம். மதிய இடைவேளையில் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு பேருக்கும் மூக்கு, கன்னம், காதுவரை உள்ள தூரம் எல்லாம் எடுத்தேன். மூன்று பேருடைய பாஷை எனக்குப் புரியாது. மூக்கைத் தொட்டுக் காட்டியதும் அவர்களே முகத்தை நீட்டினார்கள். அளவுத்தாள் இதோடு இருக்கிறது. பன்னிரண்டாவது வரி என்னுடையது.

கோபம் முழுதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கண்ணாடி மூக்கில் நிற்கட்டும், பார்க்கலாம்.

எல்லோருமாக எடுத்த போட்டோவும் வைத்திருக்கிறேன். பழக்கதோஷத்தில் என் கை மேலே போயிற்று. பக்கத்து மிஷின்காரி அதைப் பிடித்துக் கீழே இறக்கி, எடுத்து முடிக்கும்வரை விடவே இல்லை. நடுவில் நிற்பது நான்தான், நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் அக்கா