துயிலாற்றுக் குடத்தோடு சென்ற திருவோலை

மழை வாழ்க. மழையை நம்பிய ஆறு வாழ்க. ஆற்றை நம்பிய அனைத்தும் வாழ்க.

பனிவாரி நாட்டின் ஏழு ஆறுகளுக்கும் உரியவரும், மஞ்சுமாட நகரின் மேல்மாடத்தில் முகில்கள் வந்து கால் வருட வீற்றிருப்பவரும், குதிரையினும் மேகத்தின்மேல் ஏறிச் செல்லவே விரும்புபவரும், கண்ட கனவு எதனையும் பாதியில் கைவிட்டறியாதவருமாகிய கோ முகிலரையர் திருவாய் மொழிந்தருள, ஓலைநாயகம் காரிக்கண்ணன் எழுதியது. மேற்கரை நாட்டை ஆளும் நாடாள்வார் பூவரையரும், அவர்தம் அவையத்தாரும், துயிலாற்றுப் பதினோரு துறையின் ஊராரும் நலமுற வாழ்க. நாடாள்வாருடைய யானையின் பல்வலி தீர்ந்தது என்று கேட்டு அரண்மனை மகிழ்ந்தது.

இவ்வோலை ஆறு நாள் முன்னரே புறப்பட்டிருக்க வேண்டும். தாமதத்தின் காரணம் உள்ளே உரிய இடத்தில் வரும். ஓலையோடு வந்த குடத்தின் காரணமும் அங்கேயே வரும். அதுவரை குடத்தின் முத்திரையை ஒருவரும் தொட வேண்டா.

நாடாள்வார் விடுத்த விண்ணப்பம் அரசர் திருமுன் வாசிக்கப்பட்டது. நீர்க்கண்காணி சேந்தி என்பாள் துயிலாற்றைப் பார்த்து வந்து, அவ்வாறு நோயுற்றது, குடிக்கத் தகாதது என்று ஓலை எழுதினாள் என்பதும், அது முன்னோர் நீராடிய ஆற்றின்மேல் சுமத்திய அவதூறு என்பதும், இச்சொல் கேட்டு ஆறு மனம் நொந்து வற்றிவிடக் கூடும் என்பதும், ஆகவே சேந்தியைப் பதவி நீக்கி எல்லை கடத்த வேண்டும் என்பதும் விண்ணப்பத்தின் சாரம். சான்றாக, ஆம்பல்துறை ஊரார் தொடர்ந்து மூன்று ஆண்டு முதல் தரம் பெற்ற செப்பேடுகளின் படியையும் நாடாள்வார் உடன் விடுத்திருந்தார்.

அரசர் சேந்தியை அழைத்துக் கேட்டருளினார். அவள் கண்டதையும் கேட்டதையும், பேசினவர் பேச்சு மாறாதபடியே எழுதி நாடாள்வாருக்கு விடுக்க என்று ஆணை. ஆகையால் இனி வருமிடத்தில் ஊர்ப்பேச்சு ஊர்ப்பேச்சாகவே நிற்கிறது. அவைப்புலவர்கள் காதைப் பொத்திக்கொள்வதாயின் இப்போதே பொத்திக்கொள்ளலாம்.

சேந்தி மலையடிவாரத்தில் பரிசல் ஏறியது மழை ஓய்ந்த ஒரு விடியலில். பரிசல் தள்ளியவன் நம்பன். மூடுபனி ஆற்றின்மேல் படுத்திருந்ததால் நீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. கொக்கு ஒன்று தன் நிழலின்மேல் நின்று, இரண்டில் எது தான் என்று யோசித்துக்கொண்டிருந்தது. துயிலாறு தன் பெயருக்கு ஏற்ப ஓடுவதே தெரியாமல் ஓடிற்று. சேந்தி வெண்சங்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கினாள். அவளுடைய அளவை இதுவே: சங்கு எத்தனை ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அத்தனை தெளிவு அந்த நீர். அங்கே இரண்டு ஆள் ஆழம் போயும் சங்கு மறையவில்லை, அடியில் கிடந்து சிறு நிலவு போல ஒளிர்ந்தது. கரைக் கற்களைப் புரட்டினாள். ஒவ்வொன்றின் அடியிலும் பூச்சிகள் குடும்பத்தோடு இருந்தன. கால் நனைத்தாள், அயிரை மீன்கள் வந்து விரலைக் கடித்து நலம் விசாரித்தன. அவள் ஓலையில், இந்த இடத்தில் ஆறு நல்ல உறக்கத்தில் இருக்கிறது என்று எழுதினாள்.

கொடிச்சாயக் கூடத்து வளைவை நெருங்கும்போது நம்பன் துடுப்பை நிறுத்தினான்.

"கண்காணியம்மா, இனிமே தவளைச் சத்தம் கேக்காது. காதைத் தீட்டி வச்சாலும் கேக்காது."

"எங்கே போயின?"

"கனையோடைக்குக் குடி போயிருச்சுங்க. அதுங்களுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது பாருங்க, அதனால நேரா கெளம்பிப் போயிருச்சு."

கொடிச்சாயக் கூடம் என்பது யாது என்று நாடாள்வார் நன்கு அறிவார், அவரே அதன் தலைவர். ஆயினும் ஓலை முறைப்படி எழுதுகிறோம். மூன்றாண்டுக்கு முன் ஓர் உச்சிப்பொழுதுத் துயிலில் அரசர் ஒரு நீலத்தைக் கண்டருளினார். அது கடலின் நீலம் அன்று, மயிலின் நீலமும் அன்று. விழித்தெழுந்து, நகரத்துக் கோபுரக் கொடிகள் யாவும் அந்நீலத்தில் பறக்க வேண்டும் என்று மொழிந்தருளினார். அதற்காகவே அவுரித் தழையை ஊறவைத்துச் சாயம் எடுக்கும் கூடம் துயிலாற்றங்கரையில் எழுந்தது. தொட்டி தொட்டியாய்ச் சாயம் காய்ச்சித் துணி நனைத்து மாதந்தோறும் நகருக்கு விடுத்தார்கள். அரசர் நெடுநேரம் பார்த்து, இதுவன்று என்று மொழிந்தருளினார். அரசர் இதுவன்று என்ற ஒவ்வொரு முறையும், அந்தத் தொட்டிச் சாயம் முழுவதும், சுண்ணாம்பும் அழுகிய தழையும் உட்பட, ஆற்றில் இறங்கிற்று. அரசர் பல முறை மொழிந்தருளினார்.

வளைவுக்குக் கீழே சேந்தி சங்கை இறக்கினாள். ஒரு சாண் ஆழத்தில் அது காணாமற் போயிற்று. கல்லைப் புரட்டினாள், அடியில் கருத்த குழம்பு மட்டும் இருந்தது. கால் நனைத்தாள், ஒருவரும் நலம் விசாரிக்கவில்லை. மேலே பனி விலக, ஆறு முழுதும் அழகிய நீலமாய் விரிந்து கிடந்தது. கரையோரத்து நாரைகளுக்குக் கணுக்கால் வரை நீலம். சேந்திக்கு ஒரு கணம் தானும் யாரோ காணும் கனவுக்குள் பரிசலில் போவது போலத் தோன்றிற்றாம். அழகாகத்தான் இருந்தது என்பதை அவள் மறைக்கவில்லை. அதன் நாற்றத்தையும் அவள் மறைக்கவில்லை.

போகும் வழியில், நாடாள்வார் மாளிகைக்குக் கனையோடையிலிருந்து ஆள்கள் காவடி கட்டிக் குடிநீர் சுமப்பதைக் கண்டு, வாசலிலேயே முதல் தர ஆறு இருக்க இது எதற்கு என்று வினவினாள். யானைக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று மாளிகையார் சொன்னார்களாம்.

மறுநாள் ஆம்பல்துறை. பெயரில் மட்டும் ஆம்பல் உள்ள ஊர். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெயிலில் சுருண்டு கிடந்தன. இவ்வூரார் கனையோடையிலிருந்து ஒரு மடை திறந்துவிடக் கேட்டு நாடாள்வாருக்கு நான்கு முறை விண்ணப்பித்தவர்கள். நான்கு முறையும், முதல் தர நீருடைய ஊருக்கு மடை எதற்கு என்றே மறுமொழி போயிற்று. ஆண்டுதோறும் ஒவ்வொரு துறையும் தன் ஆற்று நீரை ஒரு குடத்தில் அடைத்து நகரத்து நீர்ச்சபைக்கு விடுப்பதும், சபைப் பெரியோர் ஒன்பதின்மர் சுவைத்துத் தரம் எழுதுவதும் நாடறிந்த வழக்கம். ஆம்பல்துறைக் குடத்தை முதலாண்டு இனியது என்றார்கள். மறு ஆண்டு நறுமணமுடையது என்றார்கள். போன ஆண்டு பெரியவர் ஒருவர், இன்னும் ஒரு குடம் கிடைக்குமா என்று கேட்டு எழுதினார்.

இவ்வாண்டுக் குடத்தை நிரப்புவது எயினி என்பவளின் முறை. படித்துறையில் இறங்கி நீலமாய் ஒரு குடம் மொண்டாள். சேந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். எயினி அதை அங்கேயே அடைக்கவில்லை. வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய், தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் நன்றாக உரசி நீரை அதில் ஊற்றி வைத்தாள். கலங்கல் எல்லாம் அடியில் படிய, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து ஏழு மடிப்புத் துணியில் வடித்தாள். கொதிக்க வைத்து ஆற்றி, வெட்டிவேர் போட்டாள். ஏலம் தட்டிப் போட்டாள். கடைசியாகப் பனங்கற்கண்டு ஒரு பிடி.

சேந்தி, "அம்மா, இது என்ன?" என்றாள்.

"ஏன், கற்கண்டு கம்மியா இருக்கா?"

"ஆற்று நீரைத்தானே அனுப்பச் சொன்னது?"

"ஆத்துத் தண்ணிதானே இது? வேற எங்க போய் மொண்டேன்?" எயினி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கண்காணியம்மா, கேக்குறேன்னு தப்பா நெனக்காதீங்க. ராசா வாயில படப்போற தண்ணி. நாம குடிக்கிற கண்ராவியவா அனுப்ப முடியும்? ஊரு மானம் என்னாவுறது?"

"நீங்கள் குடிப்பது இது அல்லவா?"

"நாங்க வெறுமனேதான் குடிக்கிறோம். தெனமும் ஏலக்காய்க்கு எங்க போக? பதினோரு துறையும் இப்படித்தான் அனுப்புது. மேலத்துறைக்காரி குங்குமப்பூ போடுறாளாம், பாவி. இருந்தும் மூணு வருசமா எங்களுக்குத்தான் முதல் தரம்." சுவரில் மாட்டிய செப்பேடுகளைக் காட்டினாள். அவற்றுக்குச் சந்தனம் இட்டிருந்தது.

சேந்தி அந்தச் செப்பேடுகளைப் பார்த்தாள். முற்றத்தில் சுருண்டு கிடந்த எயினியின் மகளைப் பார்த்தாள். பிறகு, உரத்துச் சொன்னால் அந்த வீடு உடைந்துவிடும் என்பது போல, மெல்லச் சொன்னாள்: "உங்களுக்கு மடை வராததற்குக் காரணம் இந்தக் குடம்தான் அம்மா."

எயினி பானையின் அடியில் படிந்திருந்த நீலத்தை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஏலக்காய் போட்டு எம் பிள்ளை வயித்தைக் கெடுத்தது நான்தானா?" என்றாள்.

ஊர் கூடிற்று. வெறும் ஆற்று நீரை அனுப்பச் சேந்தி கேட்டபோது ஒருவரும் ஒப்பவில்லை. ராசாவுக்கு வயிறு வலித்தால் என்ன செய்வது என்றார்கள். உங்களுக்கு வலிக்கிறதே என்றாள் சேந்தி. "எங்களுக்குப் பழகிருச்சு. அவருக்குப் பழக்கம் இருக்காதுல்ல?" என்றார்கள். இவ்விடம் வாசிக்கப்பட்டபோது அரசர் வாசிப்பதை நிறுத்தச் சொல்லி, சிறிது நேரம் சாளரத்தின் வழியே முகிலைப் பார்த்திருந்தார் என்பதை நாடாள்வார் அறிக.

இறுதியில் எயினி எழுந்து, கற்கண்டு போட்ட குடத்தைத் தெருவில் கவிழ்த்தாள். படித்துறைக்குப் போய் இன்னொரு குடம் மொண்டாள். ஒன்றும் உரசவில்லை, ஒன்றும் வடிக்கவில்லை. "நானே கொண்டு போறேன். வழியில எவனாவது மரியாதைக்கு எதையாவது போட்டுத் தொலைப்பான்" என்று சொல்லி, நான்கு நாள் நடந்து, தலையிலிருந்து இறக்காமல் கொணர்ந்தாள்.

நீர்ச்சபையில் குடம் திறக்கப்பட்டது. ஒன்பது பெரியோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒருவர் மற்றவரை மூத்தவர் என்று சொல்லி முதலில் சுவைக்க அழைத்தார்கள். இது உச்சிப்பொழுது வரை நடந்தது. அப்போது அரசர் இறங்கி வந்து குடத்துள் நோக்கினார். நோக்கியவர் அசையவில்லை. சாளர வெயில் குடத்துள் விழுந்திருந்தது. மூன்றாண்டுக்கு முன் துயிலில் கண்டு, அன்றுமுதல் துணி துணியாய்த் தேடி, இதுவன்று இதுவன்று என்று தள்ளிய அந்த நீலம், சற்றும் கூடாமலும் குறையாமலும் குடத்துள் இருந்தது.

"இதுவே" என்று அரசர் மொழிந்தருளினார்.

பிறகு எயினியை நோக்கி, இது எங்கிருந்து வருகிறது என்று வினவியருளினார். எயினி, "உங்க கிட்டேருந்துதான் சாமி" என்றாள்.

அரசர் வேறொன்றும் கேளாமல் ஒரு கை மொண்டு அருந்தியருளினார். தடுக்கப் பாய்ந்தவர்களுள் முதலில் பாய்ந்தவள் எயினி. ஆயினும் தாமதித்துவிட்டாள். இவ்வோலை ஆறு நாள் தாமதித்ததன் காரணம் இதுவே. இப்போது அரசர் கஞ்சி அருந்துகிறார். ஐந்தாம் நாள், ஆம்பல்துறையார் இதனை எத்தனை ஆண்டாகக் குடிக்கிறார்கள் என்று கேட்டருளினார். மூன்று ஆண்டு என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இனி ஆணை.

கொடிச்சாயக் கூடத்து அடுப்புகள் இன்றே அணைக. கோபுரக் கொடிகள் வெள்ளைத் துணியாகவே பறக்கும். கொடியை ஆட்டுவது காற்று, அதற்கு நிறம் கேட்டுப் பழக்கமில்லை. சேந்தி பதவியில் நீடிப்பாள், எல்லையும் அவளும் இருக்கும் இடத்திலேயே இருப்பார்கள். இனி நீர்ச்சபைக்கு வரும் குடத்தை அவளே மொண்டு அவளே அடைப்பாள். அரசர்மேல் அன்பு மிகுந்து அதில் ஏலமோ வெட்டிவேரோ குங்குமப்பூவோ இடுபவர், அரசருக்கும் அவர் குடிகளுக்கும் இடையே சுவர் எழுப்பினவராகக் கருதப்படுவர். ஆம்பல்துறையின் மூன்று செப்பேடுகளையும் உருக்கி, கனையோடை மடைக்குத் தாழ் செய்க.

அந்த மடையைத் திறப்பது நாடாள்வார் கடன். ஆற்று நீர் முதல் தரமே என்று நாடாள்வார் இன்னும் கருதுவாராயின், திறக்க வேண்டியதில்லை. ஓலையோடு வந்த குடம் எயினி கொணர்ந்த அதே குடம். அரசர் ஒரு கை அருந்திய மிச்சம் அதில் உள்ளது. அவையத்தாரும் பதினோரு துறை ஊராரும் காண நாடாள்வார் முத்திரை நீக்கி, மறு கை தாம் அருந்தி, ஏழாம் நாள் நலமே உள்ளேன் என்று தம் கையால் எழுதி விடுக்க. மடை முன்னதாகத் திறந்துவிட்டால் குடம் திறக்க வேண்டா. ஓலை கொணர்ந்த சேந்தி மடையருகே காத்திருக்கிறாள், எயினியும் உடன் இருக்கிறாள். யானைக்குக் கொடுக்க வேண்டா. அது ஒரு குற்றமும் செய்யவில்லை.

வழக்கமாக நீல அரக்கில் பதியும் மேக முத்திரையை அரசர் இம்முறை நிறமில்லா மெழுகில் தம் கையாலேயே பதித்தருளினார். குடத்தில் ஒன்றும் கலக்கவில்லை. உள்ளபடி ஆறு.