அலமாரி மேல் ஏற்றிய கூஜாக்கள்

சேசு மரி சூசை துணை

ராயபுரம்

என் செல்ல மகள் அமலோற்பவத்துக்கு அம்மா வியாகுலம்மாள் எழுதிக்கொள்வது. தேவமாதா கிருபையில் நீயும் மாப்பிள்ளை இன்னாசியும் அந்தக் கரக்பூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வந்தேன், கை அந்த வார்த்தையில் போய் நிற்கிறது, அதனால் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிவிட்டு மேலே போகிறேன். உன் வயிறு இறங்கிவிட்டதா, கால் வீக்கம் வற்றியதா, இதையெல்லாம் எழுதாமல், போன கடிதம் முழுக்க என்னைக் கேள்வியாகக் கேட்டுத் தள்ளியிருக்கிறாய். எண்ணூர் மடத்தில் தரை சுத்தமா, டாக்டர் வருகிறாரா, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா, சோறு குழைவா என்று நீ கேட்டிருப்பதைப் பார்த்தால் நான் பெற்ற பெண்ணா இல்லை முனிசிபாலிட்டி அனுப்பின சானிட்டரி இன்ஸ்பெக்டரா என்று தெரியவில்லை. சரி, கேட்டாய், சொல்கிறேன், முழுக்கப் படி, நடுவில் நிறுத்திவிட்டு அழாதே, இந்த மாசத்தில் அழக்கூடாது.

உன் பிரசவத்துக்கு நான் வரவேண்டுமானால் பேச்சும் வலப்பக்கமும் போய்க் கிடக்கிற உங்கள் அப்பாவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் சிஸ்டர்கள் கிழவர்களை வைத்துப் பார்க்கிற அந்த மடம் என்று நீதான் எழுதினாய். நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடவில்லை. முதலில் தனியாகப் போய் ஒரு மத்தியானம் பார்த்தேன். மடத்துத் தலைவி மதர் என்னை உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. கட்டில் கட்டிலாகப் போனேன். தலையணையை மோந்து பார்த்தேன், கிழவர்களின் நகத்தைப் பார்த்தேன், ஒருவரைப் புரட்டி முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தேன், கஞ்சியை வாங்கிக் குடித்தும் பார்த்தேன், உப்பு கொஞ்சம் முன்னே நின்றது, மற்றபடி நல்ல கஞ்சி. ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் ஸ்டூல், அதில் மண்கூஜாவில் தண்ணீர். தரை நம் வீட்டுத் தரையைவிட நன்றாக இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு. தினமும் காலையில் பூசை, எல்லாருக்கும் நாவில் நன்மை அப்பம் கொடுக்கிறோம் என்று மதர் சொன்னபோது எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பாஸ்குத் திருநாள் வந்தால்தான் கோயில் வாசலை மிதிக்கிற மனுஷன், இவருக்குத் தினமும் நன்மையா, இது யார் கொடுத்து வைத்தது என்று அன்றைக்கே பேசி முடித்துவிட்டு வந்தேன்.

கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே விடியல் பூசையை முடித்துக்கொண்டு ரயில் பிடித்துப் போனேன். அங்கே சாமியார் இந்த ராயபுரத்துப் பூசைகளை முடித்துவிட்டுத்தான் வரவேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை மட்டும் வெயில் ஏறித்தான். என்னைப் பார்த்ததும் உங்கள் அப்பா இடது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, மெல்ல மெல்ல அமுக்கி அமுக்கிக் காட்டினார். விடாமல் காட்டினார். கட்டிலை விட்டு இறக்கச் சொல்கிறாரோ என்று பார்த்தேன், பூசை மணி வேறு அடித்தது, எனக்கு அப்போதுதான் உறைத்தது, இந்த மனுஷன் முழங்கால் போட வேண்டும் என்கிறார் என்று. ஐயோ என் தேவனே என்று நானும் ஒரு சிஸ்டரும் இரண்டு பக்கமும் தாங்கி அவரைத் தரையில் முழங்காலில் இறக்கினோம். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாபக் கண்ணீர் என்று நானும் கூட உட்கார்ந்து அழுதேனடி. திரும்பி வந்து தெருவெல்லாம் சொன்னேன், பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் சொன்னேன், கோயிலில் பெரிய மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றினேன். உனக்கும் எழுதலாம் என்றிருந்தேன், எழுதாமல் போனதே நல்லதாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலீலுல்லா பாயும் கூட வருகிறேன் என்றார். உனக்குத்தான் தெரியுமே, ஹார்பரில் அவர் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்ட, உங்கள் அப்பா கப்பல் தட்டில் நின்று கையைக் காட்ட, இத்தனை வருஷம் அப்படியே பிழைத்தவர்கள். பாயைப் பார்த்ததும் உங்கள் அப்பாவுக்கு முகமே மாறிப்போயிற்று. உடனே அந்தக் கை நீண்டது, உள்ளங்கை கவிழ்ந்தது, அமுக்கி அமுக்கிக் காட்டினார். நான் பெருமையாக, பார்த்தீர்களா பாய், முழங்கால் போட எப்படித் துடிக்கிறார் என்று சொல்லிக்கொண்டே தோளைத் தாங்கப் போனேன். பாய் என் கையைத் தடுத்துவிட்டு, இரு அண்ணி, அண்ணாத்தே ஆரியா காட்டிகினு கீறாரு, என்றார். ஆரியாவா அது என்ன கூத்து என்றேன். மேல தொங்கற சரக்கை மெதுவா கீழ எறக்குன்னா இப்டித்தான் காட்டுவாரு, இன்னாத்தையோ எறக்கச் சொல்றாரு, இன்னான்னு பாரு, என்று சொல்லிக்கொண்டே உங்கள் அப்பாவின் கண் போகிற பக்கம் திரும்பினார். சுவர் ஓரம் உயரமான அலமாரி, அதன் தலையில் எல்லாக் கட்டில் கூஜாக்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பாய் ஒரு கூஜாவை எடுத்து அவர் வாயில் வைத்தார். அமலோற்பவம், மாடு குடிக்கிற மாதிரி குடித்தார். மூச்சு விடவில்லை. தாடையெல்லாம் ஒழுகிச் சட்டை நனைந்துபோயிற்று, கூஜாவை எடுத்தால் கையைப் பிடித்து இழுக்கிறார். சிஸ்டர் ஒருத்தி ஓடிவந்து, ஐயையோ இன்றைக்கு நன்மை போச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நன்மை வாங்குகிறவர்கள் முதல் நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர் கூடப் பல்லில் படாமல் இருக்கவேண்டுமே, கிழவர்கள் மறதியில் குடித்துவிடுகிறார்கள் என்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் கூஜாவை எல்லாம் அலமாரி மேல் ஏற்றிவிடுவார்களாம், பூசை முடிந்த பிறகுதான் இறக்குவார்களாம். பக்கத்துக் கட்டிலில் ஆசீர்வாதம் என்று ஒரு கிழவர், ரயிலில் ஃபயர்மேனாக இருந்தவர், அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கினு வரவே மாட்டேங்குதும்மா, எனக்கும் ஒரு வாய் குடுங்க, என்றார். பாய் உடனே எல்லாக் கூஜாவையும் இறக்கிக் கட்டிலுக்குக் கட்டில் வைத்துக்கொண்டே போனார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மதரை என்ன பேசினேன் என்று எழுத மாட்டேன், வருகிற பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். தரையைக் கண்ணாடி மாதிரி துடைக்கத் தெரிந்த உங்களுக்கு மனுஷன் தொண்டை வறளுவது தெரியவில்லையா என்று கேட்டேன். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கண்ணெல்லாம் கலங்கி, அவர்கள் ஆத்துமத்துக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் இருந்தோம், நாங்களும் தண்ணீர் படாமல்தானே இருக்கிறோம், என்றார். நீங்கள் தாகம் எடுத்தால் வாய் திறந்து சொல்வீர்கள் மதர், இவர் எப்படிச் சொல்வார் என்றேன். சாமியார் வந்தார், விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. இனி கூஜாவை யாரும் ஏற்றக்கூடாது, தண்ணீர் குடித்தவன் அன்றைக்கு நன்மை வாங்காவிட்டால் போகட்டும், அவனுக்கும் சேர்த்து நான் ஜெபம் பண்ணுகிறேன், என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

அதோடு விடாமல் நான் உங்கள் அப்பாவின் துணியை மூட்டை கட்டினேன். பாய் தூக்கிக்கொள்கிறேன் என்றார். வாங்க வீட்டுக்குப் போகலாம், உங்கள் மகளுக்கு நான் வரவில்லை என்று தந்தி கொடுத்துவிடுகிறேன், அவள் சமாளித்துக்கொள்வாள், என்று சொன்னேன். சொன்னதுதான் தாமதம், மனுஷன் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நானும் பாயும் ஆளுக்கொரு பக்கம் பேசிப் பார்த்தோம், விடவில்லை. அந்த ஒரு கையில் அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்ததோ. என்னை முறைக்கிறார், அப்புறம் மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உன் பேரைச் சொல்லியும் பார்த்தேன், அதற்கு மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். நீ அவருக்கு எப்படிப்பட்ட செல்லம் என்று எனக்குத் தெரியாதா. என்னை உன்னிடம் அனுப்பத்தான் அந்தப் பிடிவாதம். கட்டின மூட்டையை நானே அவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

அதிலிருந்து என் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. உலையை வைத்துவிட்டு அரிசி போட மறக்கிறேன், கதவைப் பூட்டிவிட்டு ரயிலடி வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். நான் அந்தண்டை போனதும் கூஜா மறுபடி மேலே ஏறிவிட்டால் யார் கேட்பது? கூஜாவை விடு, நாம் பார்க்காத இன்னொன்று அங்கே இருந்தால்? முதுகைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், தண்ணீரைக் கண்ணெதிரே பார்த்தும் அது ராத்திரி எங்கே போகும் என்று கேட்கத் தோன்றவில்லையே. பாய் இருக்கிறார் என்பது ஒன்றுதான் தைரியம். திருவொற்றியூரில் அவர் தங்கை சாபிரா வீட்டுக்குப் போகிற சாக்கில் எண்ணூர் வரை போவாராம், கிழமை மாற்றி மாற்றிப் போவாராம், முன்னே சொல்லாமல் போவாராம். நீ போய் கொயந்தையப் பாரு அண்ணி, நீ திரும்பி வரங்காட்டியும் நா போய்கினேதான் இருப்பேன், அண்ணாத்தே கையி என்கிட்ட பொய் சொல்லாது, என்கிறார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் வருகிற வரைக்கும் நீ குடம் தூக்காதே, ஈரத் தரையில் நடக்காதே, இஸ்திரிப் பெட்டி பக்கமே போகாதே, மாப்பிள்ளை சட்டை கசங்கியே கிடக்கட்டும், ரயில்வேயில் யாரும் அவரைப் பெண் பார்க்க வரப்போவதில்லை. ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸ்கள் நல்லவர்கள் என்று எழுதியிருக்கிறாய், என்னைப் போலப் பகலில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறாயா என்று நான் கேட்க மாட்டேன், வந்து நானே பார்த்துக்கொள்கிறேன். உனக்கு நெத்திலிக் கருவாடும் பூண்டுப் பொடியும் கட்டி வைத்திருக்கிறேன், பிள்ளைக்குப் பழைய வேட்டி கிழித்துத் துவைத்துக் காய்கிறது, உங்கள் அப்பா வேட்டிதான், மெத்தென்று இருக்கும். கோழிகளைப் பச்சையம்மா பார்த்துக்கொள்கிறாள்.

வியாழக்கிழமை கல்கத்தா மெயிலில் ஏறுகிறேன், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பு. அந்த வண்டி எண்ணூரில் நிற்காமல்தான் போகும், அது தாண்டுகிறவரை நான் தலையைக் குனிந்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். பரலோகமாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும், தாயும் பிள்ளையும் சுகமாய்ப் பிரியவேண்டும், உங்கள் அப்பாவின் ஆசீர்வாதமும் என்னோடு வருகிறது. ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே வந்த பிறகு, அப்பா எப்படி இருக்கிறார் அம்மா என்று நீ என்னைக் கேட்கக் கூடாது. ஒரு தடவை கேட்டாலும் நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன்.

உன் அம்மா,
லூ. வியாகுலம்மாள்