நாசிக்கிலிருந்து வந்த பதில்

இன்று காலை எங்கள் சாங்வி குடியிருப்பில் கொசுப்புகை அடித்தார்கள். ஜன்னலைச் சாத்துவதற்குள் மண்ணெண்ணெயும் மருந்தும் கலந்த அந்த வாடை கூடம் முழுக்க நிறைந்துவிட்டது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். நான் கணினிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். போன மழைக்காலத்தில் இதே புகை உங்கள் தெருவுக்கும் வந்தது. டெங்குவில் நீ எங்களை விட்டுப் போன மறுநாள்தான் வந்தது.

நாம் பழகியது ஒரே அலுவலகத்தில். நான் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள். நீ கன்டோன்மென்ட் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். உன் தமிழில் பாதி இந்தி, கொஞ்சம் மராத்தி. என் பேச்சைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். "நீ திட்டினாலும் மரியாதையாவே இருக்கு பாபா, கோபமே வரமாட்டேங்குது" என்பாய்.

உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டாய். ஊரடங்கு முடிந்து எல்லோரையும் அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்த சமயம் அது. முடியாது என்றார்கள். அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. நீ வேலையை விட்டாய். பிறகு மாதக்கணக்கில் தேடினாய். தேடத் தேட உனக்கு ஆத்திரம்தான் மிஞ்சியது.

"வீட்டுலேந்தே வேலைன்னு போடுறான். ரெண்டு ரவுண்டு பேசி முடிச்சப்புறம், வாரத்துல மூணு நாள் ஆபீசுக்கு வரணும்ங்கறான். என்ன மஜாக் இது, விளையாட்டா?"

அப்பாவின் கஞ்சியை ஆற்றிக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாய்: "நாமளே ஒரு சைட் போடலாம். நிஜமாவே வீட்டுல உட்கார்ந்து செய்யற புரோகிராமர் வேலை மட்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் நான் போன் பண்ணிக் கேட்டப்புறம்தான் ஏத்தணும்."

எனக்கு அது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. இணையத்தில் அப்படி எத்தனையோ தளங்கள் இருந்தன. ஆனால் மறுவாரம் நான் வந்தபோது பாதித் தளத்தை எழுதி வைத்திருந்தாய். மீதியை விடுமுறை நாட்களில் இருவரும் சேர்ந்து முடித்தோம்.

நீ போன் பேசுவதைக் கேட்க வேண்டும். மனிதவளத் துறையில் இருக்கும் பெண்களிடம் முதலில் நயமாகத்தான் தொடங்குவாய். "அப்புறம் ஆபீசுக்குக் கூப்பிட மாட்டீங்கல்ல? எழுத்துல கொடுப்பீங்களா?" என்று கேட்கும்போது குரல் உயர்ந்துவிடும். அடுத்த அறையிலிருந்து உன் அப்பா குழறலாகக் கேட்பார்: "யாரோடம்மா சண்டை?"

"சண்டை இல்ல டாடி. வேலை."

தளத்தைத் திறந்த அன்று பெருமழை. உங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தேன். கைபேசி இணையத்தில்தான் எல்லாவற்றையும் ஏற்றினோம். கடைசிப் பொத்தானை நீ அழுத்தவில்லை. கணினியை அப்பாவின் கட்டிலுக்குக் கொண்டுபோய், அசைகிற அவருடைய இடது கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாய். "தபாவ் டாடி, அழுத்துங்க." அவர் அழுத்தினார். வெகுநேரம் திரை வெள்ளையாகவே இருந்தது. பிறகு நம்முடைய பக்கம் வந்தது. அதில் இருந்தவை நாலைந்து வேலைகள்தான். பால்கோவா சேர்த்த மாவா கேக்கைப் பிட்டு முதலில் அவருக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை நாம் தின்றோம்.

முதலில் வேலை கிடைத்தது தூரத்தில் சாங்லி என்ற ஊரில் இருந்த ஒரு பெண்ணுக்கு. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டு வெகுகாலம் வீட்டிலிருந்தவள். உன்னைக் கூப்பிட்டு மராத்தியில் ஏதோ சொல்லி அழுதாள். நீயும் அழுதுகொண்டே அவளை அதட்டினாய்: அழுகையை நிறுத்திவிட்டுச் சம்பளக் கடிதத்தை ஒழுங்காகப் படிக்கச் சொன்னாய்.

அன்று சாயங்காலம் நான் கேட்டேன்: "மத்தவங்களுக்கெல்லாம் தேடித் தர்றியே, நீ எதுக்கு ஒரு வேலைக்கும் அப்ளை பண்ண மாட்டீங்கற?"

"கடைக்காரியே நல்ல தக்காளியெல்லாம் பொறுக்கி எடுத்துக்கிட்டா, அப்புறம் கடைக்கு எவன் வருவான்?" என்றாய். உனக்கென்றே எழுதியதுபோல் எத்தனை வேலைகள் வந்தன. ஒவ்வொன்றையும் விசாரித்து, சரிபார்த்து, ஊர் முழுக்கத் தெரியும்படி மேலே ஏற்றினாய். மணிக்கு இவ்வளவு என்று ஏதோ சின்னச் சின்ன வேலைகள் செய்து வீட்டை ஓட்டினாய். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அந்தப் பிடிவாதம்தான் தளத்தின் நற்பெயர் என்பது எனக்கும் தெரிந்திருந்தது.

கோடையில் அப்பா காலமானார். சடங்குகள் முடிந்து சில வாரங்கள் கழித்து நீயாகவே வந்தாய். அந்த வீட்டில் பகலில் சத்தமே இல்லை என்றாய். "நானும் ஒரு வேலைக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். மத்தவங்களுக்கு ஒரு வாரம் விட்டுட்டு, அப்புறம். சரிதானே?" என்னிடம் அனுமதி கேட்பதுபோல் இருந்தது. நாசிக்கில் ஒரு சிறிய நிறுவனம், பேருந்து முன்பதிவுக்கான மென்பொருள் செய்கிறவர்கள். அவர்கள் கொடுத்த மாதிரி வேலையை எழுதி அனுப்பினாய். உரிமையாளரே பேசுவார் என்று நாளும் குறித்தார்கள். புதிதாக ஒரு குர்தா வாங்கினாய். திரையில் தோள்வரைக்கும்தான் தெரியும் என்று நான் கேலி செய்தேன்.

அந்த நாளுக்குச் சற்று முன்னால் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு கணினியைக் கேட்டாய்.

"ஒரு மணி நேரம்தானே. உட்கார்ந்து பேசிடறேன்."

"ஒண்ணும் வேண்டாம். வேலை எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல உடம்பத் தேத்திக்கோ."

"ரொம்ப நாள் ஆச்சு, யாராவது என்னை இன்டர்வியூ பண்ணி" என்றாய். சொல்லிவிட்டுக் கைபேசியை என்னிடம் நீட்டினாய். தள்ளிவைக்கச் சொல்லி நான்தான் நாசிக்குக்கு எழுதினேன். எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று உடனே பதில் வந்தது. படித்துக் காட்டினேன். "நல்ல ஆளுங்க போல" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதன் பிறகு தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ரத்தத்துக்கு அலைந்ததும் டாக்டர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும்தான் மிச்சம்.

பேசவிட்டிருந்தாலும் உடம்பில் ஒரு மாற்றமும் வந்திருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். நல்லதும் நடந்திருக்காது, கெட்டதும் நடந்திருக்காது. அதனால்தான் மனம் ஆறமாட்டேன் என்கிறது. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, உனக்கு மிச்சமிருந்த ஒரு நல்ல மணி நேரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம்.

அடக்கம் முடிந்த பிறகு நாசிக்குக்குப் போன் செய்தேன். அந்த உரிமையாளரும் ஒரு பெண்தான். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "அவங்க எழுதி அனுப்பினதைப் படிச்ச அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம். வேற யாரையும் பார்க்கல. சும்மா முகத்தைப் பார்த்துப் பேசி, நேர்லயே சொல்லலாம்னுதான் அந்த நாளைக் குறிச்சோம்."

தளம் ஓடிக்கொண்டிருக்கிறது. உன்னைப்போல் எனக்குச் சண்டை போட வராது. 'ங்க' போட்டே கேட்கிறேன், எப்படியோ உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். வேலை கிடைத்தவர்கள் கூப்பிட்டுச் சொல்லும்போது சந்தோஷப்படவும் செய்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் நாசிக்கிலிருந்து பேசிய அந்தக் குரலும் கூடவே கேட்கிறது. உன்னைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று அந்தப் பெண் சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான். அது உன் காதுக்கு வரவேண்டிய சொல். உன்னிடம் சேர்க்க வழியில்லாமல் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.