அது கட்டு இல்லை, குல்லா

திண்டுக்கல்,
ஞாயிறு.

அன்புள்ள அறிவுச்செல்வி அக்காவுக்கு,

ஆல்வின் எழுதுகிறேன். போனில் எதைக் கேட்டாலும் நீ பேச்சை மாற்றுகிறாய். பின்னால் மச்சான் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். அதுவும் வீட்டுக்கு இல்லை, நீ வேலை பார்க்கும் மியூசியத்துக்கு.

அங்கிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. இருநூறு வருஷத்துக்கு முன் நீ இருக்கும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் வரைந்த எவனோ வரைந்தது, பேர் தெரியாத பெண் என்று பின்னால் போட்டிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. விரல்கள் முருங்கைக்காய். பாலிடெக்னிக்கில் நான் இப்படி வரைந்திருந்தால் தாளைக் கிழித்திருப்பார்கள். இதைப் போய் ஏன் அனுப்பினாய்?

அனுப்பியதால் வந்த வினையைக் கேள். அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய், மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, அக்கா தலையில என்னடா கட்டு? எங்கடா விழுந்தா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அது கட்டு இல்லை, அந்தக் காலத்துக் குல்லா, அது நீயும் இல்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். மாடிவீட்டு நுஸைபா அக்காவும் வந்து சொன்னார். ஒருவழியாக நம்பினாள். நம்பிவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "எவளோ ஒருத்தி மொகத்த வழியில போறவன் செத்த நேரம் பாத்துட்டு, சிரிக்க முடியாம உக்காந்திருக்கான்னு வரைஞ்சிருக்கான். எம்மக மொகத்த எட்டு மாசமா எவனும் காட்டலையேடா."

வீடியோ காலில் வா என்றால் கேமரா ரிப்பேர் என்கிறாய். மில்லில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனிடம் சொல்கிற பொய்யா அது?

அடுத்த மாதம் கண் ஆபரேஷன். தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்கிறார் டாக்டர். இவளோ படுக்க மாட்டேன் என்கிறாள். நீ வந்தால்தானாம். கண் திறந்ததும் உன்னைத்தான் பார்க்கணுமாம். சொல்லிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன்.

டிக்கெட் நான் போடுகிறேன். உன் பாஸ்போர்ட் உன்னிடம்தான் இருக்கிறதா? அதை மட்டும் எழுது. ஏன், எதற்கு என்று நான் கேட்க மாட்டேன், வேறு யாரையும் கேட்க விடவும் மாட்டேன். ஆண்டவர் உன்னை வழி முழுக்கக் காப்பாற்றட்டும். தனியாக வந்தாலும் வா அக்கா.

உன் தம்பி,
ஆல்வின்