பச்சைக் கோட்டுக்காரியும் நானும்

அன்புள்ள ரோவீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலை மட்டும் விசாரிக்காமல் விட்டால் நான் சுகம், உன் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பெர்த் வெயிலில் வாடிப்போகாமல் இருக்கிறீர்களா? இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, பீன்ஸ் கொடி கம்பில் ஏறிவிட்டது, பக்கத்து வீட்டுப் பூனை போய்ச் சேர்ந்துவிட்டது. பெரிய செய்தி தோட்டத்தில் ஓடுகிற உன் அப்பாவின் பொம்மை ரயில்தான், வேறென்ன. ஓய்வு பெற்றதிலிருந்து மனிதர் விடிந்தால் தோட்டத்தில்தான். தண்டவாளத்தில் விழுந்த இலையைப் பெருக்குவார், சுரங்கத்துக்குள் புகுந்த நத்தையைக் கம்பியால் தள்ளுவார், மரம் என்று நட்டு வைத்திருக்கும் தைம் செடியை நகம் வெட்டும் கத்தரியால் கத்தரிப்பார். புதுப் பெட்டிக்கு அழகாகப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் பழசாகத் தெரிய வேண்டும் என்று மேலே துரு நிறம் பூசுவார். நம் பின்கதவுக் கீல் நிஜமாகவே துருப்பிடித்துக் கிடக்கிறது, அது மட்டும் அவர் கண்ணில் படாது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் ரோவீனா. பொறுக்க முடியாதது அந்த மிஸ் பென்ரோஸ். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பச்சைக் கோட்டு பொம்மை, என் சுண்டுவிரல் உயரம் இருப்பாள். பெயர் வைத்தது உன் அப்பாதான். சாயங்காலம் மற்ற பொம்மைகளை டப்பாவில் அள்ளிப் போடுகிறவர், அவளை மட்டும் துணியில் சுற்றி வைப்பார். காலையில் "வாங்க மிஸ் பென்ரோஸ், ரயில் வர்ற நேரமாச்சு" என்று கூப்பிட்டு உட்கார வைப்பார். குளிர் முடிந்ததும் அவள் கோட்டுக்குப் புதுப் பெயிண்ட் வேறு. நான் புது நீலக் கம்பளிக் கார்டிகன் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். "கிளெனிஸ், கொஞ்சம் நகரு, வெளிச்சத்த மறைக்கிற" என்றார். சிரிக்காதே. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பொம்மையோடு சக்களத்திச் சண்டையா அம்மா என்று கேட்பாய். ஆமாம், சக்களத்திச் சண்டைதான், போ.

நானும் சும்மா இருக்கவில்லை. டவுனில் பொம்மை வீட்டுச் சாமான் விற்கிற கடைக்குப் போய், டீத்தட்டு ஏந்தி நிற்கிற ஒரு பெண் பொம்மையை வாங்கி வந்தேன். அவளுக்கு என்னைப்போல் நரைமுடி, நீலக் கார்டிகன் எல்லாம் தீட்டி, அப்பாவின் பொம்மை ரயில் சங்கத்துக்காரர்கள் நம் ரயிலைப் பார்க்க வருகிற நாளன்று காலையில், அவருக்குத் தெரியாமல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நிறுத்தின பிறகுதான் தெரிந்தது. பொம்மை வீட்டுக்கு ஓர் அளவாம், ரயிலுக்கு வேறு அளவாம், இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை, நானாக நிற்கிற அந்தப் பொம்மையின் இடுப்புக்கு மேலே கொஞ்சம்தான் இருக்கிறார். ஸ்டேஷன் கதவு என் தோள்வரைதான் வருகிறது. எடுத்துவிடலாம் என்று குனிவதற்குள் கேட் திறந்து எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"யாருய்யா இந்த ராட்சசி? ஸ்டேஷன் மாஸ்டர அப்படியே முழுங்கிடுவா போலிருக்கே" என்று ஒருவர் சொல்ல, தோட்டமே சிரித்தது. நான் ஸ்கோன் பலகாரத் தட்டோடு அவருக்குப் பின்னால்தான் நிற்கிறேன். எந்தத் தோட்டத்தில் வேலைப்பாடு நுணுக்கம் என்று பார்த்து வருஷா வருஷம் கோப்பை கொடுக்கிறாரே ஹாலம், அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பிரமாதம் ராய்ஸ்டன். அந்தம்மாவ மட்டும் எடுத்துடுங்க, கோப்பை உங்களுக்குத்தான்" என்றார். உன் அப்பா அந்தக் கோப்பைக்கு எத்தனை காலமாக ஏங்குகிறார் என்று உனக்குத் தெரியும். மரத்தில் ஒரு இலை பெரிதாகிவிட்டால் சோறு இறங்காத மனிதர். கை நீளப்போகிறது, என்னைத் தூக்கி டப்பாவில் போடப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் குனிந்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தக் கார்டிகனையே பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவ அங்கதான் இருப்பா ஹாலம். டீ கொண்டு வந்திருக்கா, பாக்கலயா?" என்றார். கோப்பை வேறு யாருடைய தோட்டத்துக்கோ போயிற்று.

அடுத்த நாள் ஸ்டேஷனைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனவர், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. கோப்பை போன கோபம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். கதவை உயர்த்தியிருந்தார். அதற்கேற்பக் கூரையையும் உயர்த்தியிருந்தார். ரயிலுக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் இனி ஒரு பொருத்தமும் கிடையாது, சங்கத்தில் இனி ஒருவரும் மதிக்கப்போவதில்லை. "மழை வந்தா நீ உள்ள போக வேணாமா" என்றார், அவ்வளவுதான். நான் அடுப்படிக்குள் போய் அழுது தீர்த்தேன். ஆனால் ஒன்று, அந்தப் பச்சைக் கோட்டுக்காரி பெஞ்சிலேயே நனையட்டும், அவளை உள்ளே விடும் உத்தேசம் எனக்கு இல்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே அனுப்பாதே. அப்பாவின் பிறந்தநாளுக்கு மறக்காமல் போன் செய், கோப்பைப் பேச்சை மட்டும் எடுக்காதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கிளெனிஸ்